சுவருக்கு என்ன வேலை

ஐந்தாம் வகுப்புக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் நடுவில் இருந்ததைச் சுவர் என்று சொல்ல முடியாது. ஒரே நீளமான அறையை யாரோ அவசரத்துக்குப் பிளைவுட் பலகை அடித்து இரண்டாக்கி வைத்திருந்தார்கள். பலகை கூரையை எட்டவில்லை. உயரமான ஆள் கையைத் தூக்கினால் அதன் மேல் விளிம்பைத் தொட்டுவிடலாம். அதற்கு மேல் கூரைவரை வெறும் காற்றுதான். அடிப்பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. அதனால் பலகை ஒன்றாம் வகுப்புப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து, காது மந்தமானவர் பக்கத்தில் இருப்பவரின் பேச்சைக் கேட்கக் குனிவதுபோல் நின்றது.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியருக்குப் பேச்சு குறைவு. கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார். கையில் ஏதாவது ஒரு புத்தகம் இருக்கும். பிள்ளைகள் போட்டு முடித்தபின்னும் ஒரு பக்கத்தை முடிக்கிறவரை திரும்பமாட்டார். அவருக்கு அமைதி என்பது சாப்பாடு மாதிரி; வேளைக்குக் கிடைக்காவிட்டால் முகம் வாடிவிடும். அதனால்தான் இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்ததுமே பெரிய டீச்சரிடம் போய் ஒன்றைக் கேட்டார். தலைமையாசிரியையை எல்லாரும் பெரிய டீச்சர் என்றுதான் அழைப்பார்கள். அந்தப் பலகையை எடுத்துவிட்டுக் கூரைவரை ஒரு செங்கல் சுவர் எழுப்பித் தரவேண்டும், அவ்வளவுதான் அவருடைய கோரிக்கை.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஒன்றும் சத்தம் போடுகிறவர் இல்லை. தாழ்ந்த குரல், அவசரமில்லாத பேச்சு. கூச்சலெல்லாம் பிள்ளைகளுடையது. அதிலும் சில நாட்களில் மேசைமேல் 'ணங்' என்று ஒரு தகரப் பெட்டி வைக்கப்படும் ஓசை கேட்கும். அவ்வளவுதான், அந்தப் பக்கம் கூரை பிய்த்துக்கொண்டு போகும். அதற்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் தப்புச் சாமான் பெட்டி.

அந்தப் பெட்டியை ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் பார்த்ததில்லை. ஒன்றாம் வகுப்பு அறைக்குள் அவர் காலெடுத்து வைத்ததே இல்லை. ஆனால் அதற்குள் இருந்த ஒவ்வொன்றையும் காதாலேயே தெரிந்துகொண்டிருந்தார். ஸ்பாஞ்சில் செய்த சுத்தியல். காகிதக் கரண்டி. துணியில் தைத்த குடம். கல் தலையணை. கம்பளிக் குடை. எல்லாம் டீச்சர் தன் கையால் வெட்டி, ஒட்டி, தைத்துச் செய்தவை.

முதல் தடவை சுத்தியல் வெளியே வந்தபோது பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் இவர் புத்தகத்தை மூடிவிட்டார். நாளைக்கே பெரிய டீச்சரிடம் போய்ச் சண்டை போடவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், சிரிப்பு அடங்கி, டீச்சரின் குரல் பலகைக்கு மேலே ஏறி வந்தது.

"சுத்தியலுக்கு என்ன வேலை?"

ஆணி அடிக்கிறது என்றார்கள். ஆணி என்ன பண்ணும் என்று டீச்சர் கேட்டார். சுவருக்குள் போகமாட்டேன் என்று அடம் பிடிக்கும் என்றது ஒரு குரல்.

"சரி, அடம் பிடிக்கிற ஆணிகிட்ட போற சுத்தியல் எப்படி இருக்கணும்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு சின்னக் குரல் சொன்னது: "அதைவிட அடமா இருக்கணும் டீச்சர்."

ஜன்னலோரம் நின்றிருந்தவர் அப்படியே நின்றார். அடுத்த வாரம் அவரும் தன் வகுப்பில் இதே பாடத்தைத்தான் எடுக்கவேண்டியிருந்தது. கடினத்தன்மை என்றால் என்ன என்று பாடநூல் மூன்று வரியில் சொல்லியிருந்தது. அந்த மூன்று வரியையும் படித்தபோது அவருக்கே கொட்டாவி வந்திருந்தது.

டீச்சரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஸ்பாஞ்ச் சுத்தியல் ஆணியிடம் தோற்றுவிட்டது என்பதற்காக அதைச் சும்மா பெட்டிக்குள் போட்டுவிட முடியாது. அதற்கும் பொருத்தமாக ஒரு வேலை கண்டுபிடித்துக் கொடுத்த பிறகுதான் அது உள்ளே போகும். பாவம், அதையும் ஒருத்தர் மெனக்கெட்டுச் செய்திருக்கிறார் இல்லையா என்பார். தூங்குகிற தம்பியை எழுப்ப ஸ்பாஞ்ச் சுத்தியல்தான் சரி என்று அன்றைக்கு முடிவாயிற்று. கல் தலையணைக்குக் காற்றில் அடித்துக்கொள்ளும் கதவைப் பிடித்துவைக்கிற உத்தியோகம் கிடைத்தது.

எதற்கெடுத்தாலும் 'ஆனா' என்று ஆரம்பிக்கும் ஒரு சிறுமி அந்த வகுப்பில் இருந்தாள். கூட இருந்தவர்கள் அவளை 'ஆனா' என்றே கூப்பிட்டார்கள். ஜன்னலுக்கு ஏன் கண்ணாடி என்று பேசிக்கொண்டிருந்த நாளில், வெளிச்சம் வரணும், மழை வரக்கூடாது, அதனால் கண்ணாடி என்று எல்லாரும் ஒருமனதாக முடித்துவிட்ட நேரத்தில் அவள் எழுந்தாள்.

"ஆனா டீச்சர், பாலிதீன் கவர்லயும் வெளிச்சம் வரும், மழை வராது."

வேறு யாராக இருந்தாலும் உட்காரச் சொல்லியிருப்பார்கள். பலகைக்கு இந்தப் பக்கம் நின்றவரே சொல்லியிருப்பார். டீச்சர் அதற்குப் பதிலே சொல்லவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து நெடுநேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு, "ஆமா. எனக்கும் இப்ப புரியலை. ரெண்டையும் மாட்டிப் பார்த்துடுவோமா?" என்றார். அந்தப் பாடம் வாரக்கணக்கில் இழுத்தது. ஒரு ஜன்னல் கண்ணாடியோடு, ஒரு ஜன்னல் பாலிதீனோடு. காற்றடித்தபோது பாலிதீன் படபடத்துப் பேசியது, ஆணியால் கீறினால் கிழிந்தது, வெயிலில் நாள்பட மஞ்சளாகிக் கசங்கியது. கண்ணாடி சும்மா இருந்தது. சும்மா இருப்பதும் ஒரு வேலைதான் என்று ஒன்றாம் வகுப்பு தீர்ப்புச் சொன்னது. அன்று மாலை ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கடை ஜன்னல்களையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

எல்லாவற்றையும்விட அவரைக் கட்டிப்போட்டது டீச்சரின் அந்த மௌனம். மௌனத்தைப் பற்றி அவருக்குத் தெரியாததா? ஆனால் அவருடையது கதவைச் சாத்திக்கொள்கிற மௌனம். டீச்சருடையது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, நீ முதலில் போ என்று நிற்கிற மௌனம். கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் தெரிந்தும் வாயைக் கட்டிக்கொண்டு ஓர் அறை நிறையப் பிள்ளைகளுக்கு முன்னால் அப்படிக் காத்திருக்க எவ்வளவு தெம்பு வேண்டும் என்று அவர் யோசித்ததுண்டு.

அந்த மௌனத்தைத்தான் ஒருநாள் அவர் உடைத்துவிட்டார்.

அன்று அவர் வகுப்பில் கணக்குத் தேர்வு. ஐந்தாம் வகுப்பு தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் கம்பளிக் குடை வெளியே வந்திருந்தது. கம்பளியில் குடை செய்தால் என்ன ஆகும் என்று டீச்சர் கேட்டார். கதகதப்பாக இருக்கும், குளிராது, இடித்தால் வலிக்காது என்று நல்ல நல்ல குணங்களாகவே பிள்ளைகள் அடுக்கினார்கள். ஒருவருக்கும் பிடிபடவில்லை. மௌனம் நீண்டது. இன்னும் நீண்டது.

"தண்ணியக் குடிச்சு கனத்துப் போயிடும்" என்றார் இவர், வாய்விட்டு.

தன் குரல்தான் என்று அவருக்கே உறைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. ஐந்தாம் வகுப்பு மொத்தமும் பேனாவைத் தூக்கிவிட்டு அவரைப் பார்த்தது. அந்தப் பக்கத்தில் யாரோ பயந்துபோய்ச் சொன்னார்கள்: "டீச்சர், சுவர் பேசுது."

சிரிப்பு வெடித்தது. அது ஓய்கிறவரை டீச்சர் பொறுத்திருந்துவிட்டு, கோபமில்லாமல் சொன்னார்: "சுவர் கொஞ்சம் அவசரப்பட்டுடுச்சு. பரவால்ல, நாம நனைச்சே பாத்துடலாம், வாங்க."

குழாயடிக்கு ஓடுகிற கால்களின் சத்தம் கேட்டது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தப் பிள்ளைகள் தாமாகப் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு இவர் முந்திக்கொண்டு போய் நின்றுவிட்டார் என்பதுதான் குடைந்தது. தன் குரல் இனி அந்தப் பக்கம் போகவே கூடாது என்று அன்று மாலையே பெரிய டீச்சரிடம் போனார். சுவர் உடனே வேண்டும் என்றார். அவர் அவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி பெரிய டீச்சர் கேட்டதே இல்லை. மிரண்டுபோய், ஆகட்டும் என்று சொல்லிவிட்டார்.

மறுநாளிலிருந்து அவர் பெயர் சுவர் சார். வராந்தாவில் ஒன்றாம் வகுப்பு வாண்டுகள் வரிசையாக நின்று, வணக்கம் சுவர் சார் என்று கோரஸ் பாடின. செய்தி அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள் பாதிப்பேர் அங்கேதான் வருவார்கள்.

"வீட்ல கூப்பிட்டா 'ம்'முன்னு ஒரு எழுத்துக்கு மேல வராது" என்று மெஷினை நிறுத்தாமலே சொன்னார் மனைவி. "கேட்காத இடத்துல போய் பதில் சொல்லிட்டு வந்திருக்கீங்களாமே."

அவர் "ம்" என்றார்.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, செங்கல் வந்து பள்ளி முற்றத்தில் இறங்கியது. பெரிய டீச்சர் அவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பெரிய டீச்சர் முகத்தில் ஒரு வெற்றிக் களை இருந்தது. "இந்தாங்க உங்க சுவர். வந்த நாள்லேந்து என் உயிரை எடுத்தீங்க. திங்கக்கிழமை கொத்தனார் வர்றார். கூரை வரைக்கும் எழுப்பிடுவார், ஒரு ஈ பறந்தாக்கூட உங்களுக்குக் கேக்காது."

அவர் குனிந்து ஒரு செங்கல்லைத் தொட்டுப் பார்த்தார். ரொம்ப நன்றி என்றார்.

இனி அந்த 'ணங்' கேட்காது. 'ஆனா' என்ன கேட்டாள் என்று தெரியப்போவதில்லை. தானே கேட்டு வாங்கியது. வேண்டாம் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? பக்கத்து வகுப்பு டீச்சரின் பாடத்தை இத்தனை நாளும் நான் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன், அது இல்லாமல் முடியாது என்றா?

ஞாயிற்றுக்கிழமை மனைவி ஒரு தடித்த ஜீன்ஸ் துணிக்குக் கையால் ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர் மனைவியின் நடுவிரலில் இருந்த உலோக உறையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியின் பின்பக்கத்தைத் தள்ளுகிற இடத்தில் சின்னச் சின்னக் குழிகள். குழி இல்லாவிட்டால் ஊசி வழுக்கும். உறை துணியில் இருந்தால் ஊசி துளைத்துக்கொண்டு விரலுக்குள் போய்விடும். கண்ணாடியில் இருந்தால்? கண்ணாடி என்ன ஆகும் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, விரலைத் திங்கறாப்ல பாக்கறீங்க?"

அவர் மெதுவாக, விட்டு விட்டு, சுவர் விஷயத்தைச் சொன்னார். மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதைப் போய் பெரிய டீச்சர்கிட்டயே சொல்ல வேண்டியதுதானே. வாயும் ஒரு சாமான்தாங்க. அதுக்கும் ஒரு வேலை இருக்கு."

திங்கட்கிழமை காலையில் சொல்லிவிடுவது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெரிய டீச்சர் அறைக்குள் போனார். சாக்பீஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லி, ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

கொத்தனார் வந்துவிட்டார். பெரிய மீசை, தோளில் ஒரு துண்டு. பலகையை ஒரு விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, இது இவ்வளவு நாள் நின்னதே புண்ணியம் என்று தலையில் அடித்துக்கொண்டார். கடப்பாரையை எடுக்கப் போன நேரத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் வந்து, இடிக்கிறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு பாட நேரம் கொடுப்பீங்களா என்று கேட்டார். கொத்தனாருக்குச் சந்தேகம்தான், இருந்தாலும் டீ குடிக்க ஒரு சாக்கு கிடைத்த திருப்தியில் தலையாட்டினார்.

ஒன்றாம் வகுப்பு மொத்தமும் ஐந்தாம் வகுப்புக்குள் நுழைந்தது. தகரப் பெட்டியை இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்தார்கள். அவர் முதல் தடவையாக அதைப் பார்த்தார். பழைய பிஸ்கட் டின். மூடி நெளிந்து போய், ஒரு கையகலம். அவர் மனசுக்குள் அது ஒரு டிரங்குப் பெட்டி அளவுக்கு இருந்தது. அதில் இருந்த சாமான்களும் விரல் நீளம்தான். இத்தனை சின்னப் பெட்டிக்குள்ளிருந்தா அவ்வளவும் வந்தது என்று அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மணிக்கட்டில் பசை காய்ந்து ஒட்டியிருந்தது.

"இது சுவர்" என்றார் டீச்சர், பலகையைத் தொட்டு. "சுவருக்கு என்ன வேலை?"

நிற்கிறது என்றான் ஒருவன். விழாமல் இருக்கிறது என்று இன்னொருவன் திருத்தினான். படம் ஒட்ட, மறைக்க, ஓடிவந்து தொட்டு 'அவுட்' சொல்ல என்று வேலைகள் குவிந்தன. அப்படியானால் எதில் செய்யலாம் என்று டீச்சர் கேட்டார். பிள்ளைகள் பலகையைத் தட்டினார்கள், வெளிச்சுவரைத் தட்டினார்கள், முற்றத்துக்கு ஓடி ஒரு செங்கல்லை நாலு பேராகத் தூக்கிவந்தார்கள். கரையான் செங்கல்லைத் தின்னுமா என்று கொத்தனாரிடமே விசாரித்தார்கள்.

"தின்னா அதுக்குப் பல்லு போயிடும்" என்றார் கொத்தனார் டீ கிளாஸைத் தாழ்த்தாமல்.

ஆக, சாயாமல் நிற்கச் செங்கல்தான் என்று முடிவாயிற்று. ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தார். அப்போது ஒரு பையன், சுவர் சத்தத்தையும் நிறுத்தணும் டீச்சர், சுவர் சாருக்கு நாம கத்தறது பிடிக்காது என்றான்.

"ஆனா டீச்சர்" என்று எழுந்தது அந்தக் குரல். இரட்டைச் சடை, முன்பல் இல்லை. இவள்தானா என்று பார்த்தார். அவள் ஒரு காதைப் பலகையில் ஒட்டி, மறு காதைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் தோழி ஒருத்தியை நிறுத்திப் பேசச் சொல்லியிருந்தாள். "பலகைல காதை வச்சா, தண்ணிக்குள்ள பேசறாப்ல இருக்கு. காதை எடுத்தா நல்லா கேக்குது. சத்தம் பலகை வழியா வரலை. மேல ஓட்டை வழியா வருது."

டீச்சர் நிமிர்ந்து கூரைக்கும் பலகைக்கும் நடுவிலிருந்த வெளியைப் பார்த்தார். அந்தப் பார்வையிலிருந்தே தெரிந்தது, இது டீச்சரும் எதிர்பார்க்காதது. எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக வந்து காதை ஒட்டியும் எடுத்தும் பார்த்தார்கள். கொத்தனாரும் கிளாஸை வைத்துவிட்டு வந்து காதை ஒட்டிப் பார்த்தார்.

"பாப்பா சொல்றது சரிதான்" என்றார். "செங்கல்லே வச்சாலும் மேல அடைக்காட்டி சத்தம் வரத்தான் செய்யும். அதான் கூரை வரைக்கும் சொல்லியிருக்காங்க."

இரைச்சலைக் கேட்டு பெரிய டீச்சரும் வாசலில் வந்து நின்றிருந்தார். ஆமாம், சார்தான் கேட்டார், கூரைவரை எழுப்புங்கள் என்று அவசரப்படுத்தினார்.

'ஆனா' நேராக ஜன்னலோரம் வந்து நின்று, தலையை அண்ணாந்தாள்.

"சார், உங்களுக்கு சுவர் என்ன வேலை செய்யணும்?"

அவர் டீச்சரைப் பார்த்தார். பதிலை எடுத்துக் கொடுக்க ஒரு சொல், ஒரு சிரிப்பு, ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தார். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை நாள் பலகைக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மௌனத்தை இப்போது நேருக்கு நேராக, தனக்காகவே பிடித்துவைக்கப்பட்டதாகப் பார்த்தார். அதில் அவசரமே இல்லை. நாள் முழுக்கக்கூட அது காத்திருக்கும் போல இருந்தது. பிள்ளைகள் ஏன் எப்படியும் கடைசியில் பதில் சொல்லிவிடுகிறார்கள் என்பது அவருக்கு அந்த நிமிடம் புரிந்தது.

"நிக்கணும்" என்றார். "கரையான் திங்கக்கூடாது. உங்க பக்கம் யார் மேலயும் சாயக்கூடாது."

'ஆனா' நகரவில்லை.

"மேல மட்டும் அடைக்க வேண்டாம். டீச்சர் பாடம் எனக்குக் கேக்கணும்."

பெரிய டீச்சர் வாசலைவிட்டு உள்ளே வந்தார். "ஏங்க, சத்தம் தாங்கலை, சத்தம் தாங்கலைன்னு என்னைப் போட்டு வறுத்தெடுத்ததெல்லாம் யாரு? நானா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். காதுவரை சிவந்திருந்தது. பின் வரிசையிலிருந்து ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், "எங்களுக்கும் கேக்கணும் சார்" என்றான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவள், "கம்பளிக் குடை எங்களுக்கும் தெரியும் சார். நீங்க முந்திக்கிட்டீங்க" என்றாள். அறையே சிரித்தது. தேர்வு எழுதிக்கொண்டிருப்பதாக அவர் நம்பியிருந்த வகுப்பு.

கொத்தனார் பலகையின் உயரத்தைக் கண்ணால் அளந்தார். "அப்ப இதே மட்டத்தோட நிறுத்திக்கலாம். எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றார். பெரிய டீச்சர், இனிமே சத்தம்னு என் ரூம் பக்கம் வந்தீங்கன்னா பாருங்க என்று விரலை ஆட்டிவிட்டுப் போனார். போகிறவர் முதுகு சிரிப்பில் குலுங்கியதாகப் பிள்ளைகள் பின்னால் சொன்னார்கள்.

டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். நன்றி, பெருமை என்றெல்லாம் ஏதும் சொல்லவில்லை. "கேக்கறது சரி சார். அவசரப்படாம இருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"முயற்சி பண்றேன்" என்றார் அவர்.

சுவர் எழும்பியது. பலகையை அப்படியே தூக்கி எறிய ஒன்றாம் வகுப்பு ஒத்துக்கொள்ளவில்லை; அதற்கும் ஒரு வேலை கொடுக்காமல் விடமாட்டோம் என்று அடம் பிடித்தது. கரையான் தொடாத மேல்பாதியைக் கொத்தனார் அறுத்துக் கொடுத்தார். இப்போது தகரப் பெட்டி அந்தப் பலகைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதனால் 'ணங்' முன்புபோல் அவ்வளவு கூர்மையாகக் கேட்பதில்லை. கொஞ்சம் காதைக் கொடுக்கவேண்டும்.

ஒருநாள் அது கேட்டது. ஐந்தாம் வகுப்பில் கணக்கு நடந்துகொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே பேனாக்கள் கீழே போயின. அவர் பார்த்தார், பார்க்காததுபோல் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

பள்ளிக்கூட மணியை மரத்தில் செய்தால் என்ன ஆகும் என்று டீச்சரின் குரல் சுவரேறி வந்தது. சத்தம் வராது, யாரும் வீட்டுக்குப் போக முடியாது என்று பிள்ளைகள் அலறினார்கள். சிரித்தார்கள். ஓய்ந்தார்கள். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. முழுப் பதில் என்ன என்று ஜன்னலோரம் நின்றவருக்குத் தெரியும். நாக்கின் நுனியில் இருந்தது. மௌனம் நீண்டது. அவர் இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். இன்னும் நீண்டது. அவர் பின்னால் ஐந்தாம் வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஆனா டீச்சர்" என்றது அந்தப் பக்கம், "மர மேசையைத் தட்டினா சத்தம் வருதே."